பயந்த பிள்ளைக்குக் கணக்கு வராதா?

14 ஜூன் 2025. மண்டலேயிலிருந்து ஒரு தம்பி இந்தப் பக்கத்துக்கு எழுதிய கேள்வி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு பாட்டி சொல்லும். பயந்தவங்களுக்கும் அப்படித்தானா அக்கா? அண்ணன் மகளுக்குப் பதினோரு வயசு. மார்ச் 28 பூகம்பத்துக்கு முன்னாடி பெரிய பெருக்கலெல்லாம் மனசுலயே போடுவா. இப்போ 47-ஐ 8-ஆல பெருக்குன்னா பாதியிலயே நின்னுடுறா. தெருவுல லாரி போனா பென்சிலைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடுறா. ஸ்கூல் திறந்தாச்சு. பிள்ளைக்குப் புத்தி மழுங்கிடுச்சுன்னு அண்ணி அழுறாங்க. நான் நினைக்கிறது இதுதான்: உணர்ச்சியும் அறிவும் தராசுத் தட்டு மாதிரி, ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கும். பயத்தை முழுசா எடுத்துட்டா கணக்கு தானா வந்துடும். சரிதானே?

15 ஜூன், காலை

புத்தி மழுங்கவில்லை. அண்ணியிடம் முதலில் இதைச் சொல்லுங்க தம்பி, மற்றதெல்லாம் அப்புறம்.

முப்பது வருஷமாக ரங்கூனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நீங்க சொன்ன அந்தப் பெருக்கலையே பார்ப்போம். ஏழெட்டு ஐம்பத்தாறு. 6-ஐ வைத்துவிட்டு 5-ஐ மனசில் தூக்கி வைக்கணும். பிறகு நாலெட்டு முப்பத்திரண்டு, அதோடு அந்த 5, முப்பத்தேழு. விடை 376. இதில் வாய்ப்பாடு கஷ்டமே இல்லை, அது நாக்கில் இருக்கிறது. கஷ்டம் அந்த 5-ஐத் தூக்கி வைப்பதில்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதியில் சில நரம்பணுக்கள் ஒன்றையொன்று விடாமல் தூண்டிக்கொண்டே இருக்கும் வரைதான் அந்த 5 நிற்கும். கையில் தண்ணீரை ஏந்துவது போல. விரல் கொஞ்சம் விலகினால் போச்சு.

லாரி சத்தம் கேட்டதும் நடப்பது வேறு ஒரு வேலை. அமிக்டலா என்கிற பகுதி ஆபத்து என்று அறிவிக்கிறது. முதுகுத்தண்டு வழியாகப் போகிற பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன, உள்ளங்கையை வியர்க்க வைக்கின்றன, வயிற்று வேலையை நிறுத்துகின்றன. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் இறங்குகிறது. மூளைக்குள்ளேயே அதன் பங்காளியான நார்அட்ரினலின் வெள்ளமாக வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் என்கிற ஆய்வாளர் குரங்குகளையும் எலிகளையும் வைத்துப் பல வருஷம் இதைத்தான் பார்த்தார். அந்த வெள்ளம் வரும்போது நெற்றிப்பகுதி அணுக்களின் பிடி தளர்கிறது, மூளை மூடிக்கொள்கிறது. தூக்கி வைத்த 5 விழுந்துவிடுகிறது. பிள்ளை பாதியில் நிற்பது அதனால்தான்.

அவளிடம் பயப்படாதே என்று சொல்லிப் பழக்குங்க. மெதுவாகச் சரியாகும்.

15 ஜூன், இரவு

கரண்ட் இப்போதுதான் வந்தது. காலையில் எழுதியதை நினைத்துக்கொண்டே சமைத்தேன். நர்கிஸ் ராத்திரி ஞாபகம் வந்தது.

2008 மே 2 ராத்திரி தொடங்கி மறுநாள் காலை வரை அடித்த புயல். அப்போது ரங்கூனில் தாம்வே பகுதியில் குடியிருந்தோம். கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனது. வீட்டில் ஐந்து பிள்ளைகள், என்னுடையது இரண்டு, நாத்தனாருடையது மூன்று. எல்லோரையும் படிக்கட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன், நாலு. மூன்றாவது தடவையும் நாலு. கத்திக்கொண்டே மழைக்குள் ஓடப் பார்த்தேன். நாத்தனார்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஐந்தாவது பிள்ளை என் இடுப்பில் இருந்தது.

ஆற்றைக் கடந்த பத்துப் பேர் தன்னைவிட்டு மற்றவர்களை எண்ணிய கதையைச் சின்ன வயசில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு சிரிக்க முடிந்ததில்லை. ஐந்து வரை எண்ணத் தெரியாதவளா நான்? ஆனால் அந்த ராத்திரியே என் கை ஒரு தப்பும் செய்யவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கியது, மற்ற நாலையும் சரியான மூலைக்குத் தள்ளியது. எண்ணத்தான் முடியவில்லை.

18 ஜூன்

15-ஆம் தேதி காலைக் குறிப்பில் மூளை மூடிக்கொள்கிறது என்று எழுதினேனே, அது தப்பு. இடுப்பில் இருந்த பிள்ளையை வைத்துப் பார்த்தாலே தப்பென்று தெரிகிறது. மூடவில்லை, வேலையை வேறு கைக்கு மாற்றிவிடுகிறது. பழகிய வேலை, வேகமான வேலை எல்லாம் மேலே வருகிறது. பல சேதியைச் சேர்த்துப் பிடித்து நிதானமாகச் செய்கிற வேலை பின்னுக்குப் போகிறது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். ஆர்ன்ஸ்டன் கண்டதில் பாதியைத்தான் சொன்னேன். நார்அட்ரினலின் அளவாக இருக்கும்போது நரம்பணுவின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் ஆல்ஃபா-2ஏ என்கிற ஏற்பியில் பிடித்து அதே நெற்றிப்பகுதிக்குப் பலம் கொடுக்கிறது. அளவு மீறினால்தான் ஆல்ஃபா-1 ஏற்பி வழியாகக் கெடுக்கிறது. ஒரே சரக்குதான், அளவுதான் வேறு. ஆகவே உங்க தராசுத் தட்டு சரியில்லை தம்பி. கொஞ்சமும் படபடப்பு இல்லாத பிள்ளை மத்தியானத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளை, அதற்கும் கணக்கு வராது.

22 ஜூன்

படபடப்பு நடுத்தரமாக இருக்கும்போதுதான் வேலை நன்றாக நடக்கும் என்று காட்ட, மலை மாதிரி நடுவில் உயர்ந்த ஒரு வளைகோட்டுப் படம் இருக்குமே, அதுதானே இது என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்று இரண்டு பேர் செய்த சோதனையைச் சொல்லி அந்தப் படத்தை எங்கும் போடுகிறார்கள். அவர்கள் செய்தது எலிக்கு. வெள்ளைப் பெட்டிக்குள் போ, கறுப்புக்குள் போனால் மின்சார அடி. பெட்டிகளைப் பிரித்தறிவது சுலபமாக இருந்தபோது அடி கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. பிரித்தறிவது கஷ்டமானபோது நடுத்தர அடியில்தான் நன்றாகக் கற்றது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதை எல்லா மனுஷருக்கும் எல்லா வேலைக்கும் ஒரே வளைகோடாக நீட்டியது பின்னால் வந்தவர்கள்.

எனக்கு அதில் பிடித்தது வளைகோடு இல்லை, சுலபம் கஷ்டம் என்கிற பிரிவுதான். பயமுறுத்தினால் வாய்ப்பாடு வரும், வார்த்தைக் கணக்கு வராது. என் வகுப்பில் கண்ணால் பார்த்தது இது.

22 ஜூன், கொஞ்சம் கழித்து

பார்த்தது என்று எழுதிவிட்டேன். பார்த்தது எப்படி என்றால், நான்தான் பயமுறுத்தினேன். முதல் பத்து வருஷம் மேசையில் மர ஸ்கேல் இருக்கும். தூக்கி வைக்கிற எண்ணை ஓரத்தில் எழுதுகிற பிள்ளையின் விரல் முட்டியில் அதால் தட்டுவேன். மனசில் வை, எழுதுவது சோம்பேறித்தனம் என்பேன். என்னை அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், நானும் அப்படியே செய்தேன். இதற்கு மறுபடி வருகிறேன். இன்றைக்கு எழுத வரவில்லை.

29 ஜூன்

உடம்பை முழுசாக அமைதியாக்கிவிட்டால் அறிவு சுத்தமாக வேலை செய்யும் என்கிற எண்ணத்துக்கு எதிராக ஒரு சோதனை.

அமெரிக்காவின் அயோவாவில் அந்தோனியோ டமாசியோ, அன்டுவான் பெஷாரா குழுவினர் 1990-களில் செய்தது. நாலு சீட்டுக்கட்டு. இரண்டில் வரவு பெரிது, அப்பப்போ வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது. மற்ற இரண்டில் வரவு சின்னது, நஷ்டமும் சின்னது, கடைசியில் லாபம். ஆடுபவர்களின் உள்ளங்கை வியர்வையை மின்சாரத்தால் அளந்தார்கள். கொஞ்ச நேரம் ஆடியதும், கெட்ட கட்டுப் பக்கம் கை போகும் முன்பே வியர்வை கூடியது. நெற்றிப்பகுதியின் அடிப்பக்கம் சேதமான நோயாளிகளுக்கு அந்த முன்வியர்வை வரவில்லை. அவர்கள் கெட்ட கட்டையே எடுத்து எடுத்துத் தோற்றார்கள். அறிவுச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள் அவர்கள். அப்படி ஒரு நோயாளி, அடுத்த தடவை எந்தத் தேதியில் வரலாம் என்று இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போல நியாயம் பேசிக்கொண்டே இருந்ததை டமாசியோ எழுதியிருக்கிறார். காரணம் ஒன்றுக்கும் குறைவில்லை, முடிவுதான் வரவில்லை.

தமிழில் இதற்கு வார்த்தை எப்போதோ இருக்கிறது: மனசு ஒப்பல, வயிறு கலங்குது. ரங்கூன் முகல் தெருவில் நகை வாங்கும்போது என் மாமியார் பில்லைப் பார்க்கும் முன்பே எழுந்துவிடுவார். பாதி நாள் அவர் சரி.

3 ஜூலை

மேலே உள்ளதில் ஒரு திருத்தம் வேண்டும். உள்ளங்கைக்கு முதலில் தெரியும், புத்திக்கு அப்புறம்தான் தெரியும் என்று அந்தச் சோதனையைச் சொல்வது வழக்கம். 2004-இல் மாயா, மெக்லெலண்ட் என்கிற இருவர் அதே ஆட்டத்தை வைத்து, ஆடுபவர்களிடம் நடுநடுவே கேள்வியை நுணுக்கமாகக் கேட்டார்கள். எந்தக் கட்டு நல்லது என்று அவர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. ஆகவே யார் முதல் என்று பந்தயம் வைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. என் மாமியாரும் அந்தக் கடைக்காரர் முகத்தை இருபது வருஷமாகப் பார்த்தவர்தான்.

3 ஜூலை, மண்டலே தம்பி

அக்கா, பயப்படாதேன்னு தினமும் சொல்றோம். மோசமாத்தான் ஆகுது. நேத்து சொல்றா, "நீங்க சொன்னா பூமி கேக்குமா?"

4 ஜூலை

அந்தப் பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறது. பயப்படாதே என்று நான் சொன்ன யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மார்ச் பூகம்பம் 7.7 அளவு. முதல் ஆட்டம் நின்று பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இன்னொரு பெரிய ஆட்டம். ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. பூகம்பத்தைக் கொண்டுவந்த சகாயிங் நிலப்பிளவு அங்கேயேதான் இருக்கிறது. அவள் உடம்பு பொய் சொல்லவில்லை. லாரிக்குப் பத்துத் தடவை வீணாக ஓடுவது, நிஜமான ஆட்டத்துக்கு ஒரு தடவை ஓடாமல் இருப்பதைவிட மலிவு என்று அது கணக்குப் போடுகிறது. அதுவும் கணக்குதான், விலை மட்டும் கூட.

இன்னொன்று. பூகம்பம் நடந்த நிமிஷம் அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்குமே? எந்தச் சுவர், யார் எங்கே நின்றார்கள், என்ன வாசனை? இருக்கும். அட்ரினலின் மூளைக்குள் நேராகப் புக முடியாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடுப்பு இருக்கிறது. ஆனால் மூளையை இதயத்தோடும் வயிற்றோடும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாகச் சேதி மேலே போகிறது. அந்த நரம்பில் பெரும்பங்கு இழைகள் உடம்பிலிருந்து மூளைக்குச் செல்பவைதான். அந்தச் சேதி அமிக்டலாவைத் தட்டி, இந்த நிமிஷத்தை ஆழமாகப் பதி என்கிறது. கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் மெக்காவ் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். தூக்கி வைத்த 5-ஐ விழத் தட்டிய அதே கிளர்ச்சிதான் பூகம்பத்தைக் கல்வெட்டாக்குகிறது. மறதி என்று அண்ணி நினைப்பது மறதியே இல்லை.

ஒரு நேர விஷயமும் சொல்கிறேன். அட்ரினலின் நொடியில் வரும். பதற்றத்தில் சுரக்கிற இன்னொரு ஹார்மோனான கார்டிசால் மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிஷத்தில்தான் உச்சிக்குப் போகும். அது உச்சியில் இருக்கும்போது, படித்ததை எடுத்துச் சொல்வது கஷ்டமாகும். ஆகவே திடுக்கிட்ட பிள்ளை பார்க்க அமைதியாகிவிட்டாள் என்று உடனே கேள்வி கேட்காதீங்க. ஒரு மணி நேரம் விடுங்க, ஏதாவது தின்னக் கொடுங்க.

12 ஜூலை

மூச்சுப்பயிற்சி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகிறது, விடும்போது மெதுவாகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்து இப்போதே பார்க்கலாம். விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடுகிறது. ஆகவே விடும் மூச்சை நீளமாக்குவதுதான் விஷயம். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவில் அந்த ஏற்ற இறக்கம் பலருக்கு மிகப் பெரிதாகிறது. பெரிதாக இழுத்து இழுத்து விட்டால் தலைதான் சுற்றும்.

நம்ம ஊரில் இதைச் சொல்ல ஒரு ஆள் உண்டு. சயாஜி ஊ பா கின். 1948-இல் சுதந்திர பர்மாவின் கணக்குத் தலைமை அதிகாரி. ஆபீசிலேயே குமாஸ்தாக்களுக்கு மூச்சையும் உடம்பில் எழும் உணர்வுகளையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்தவர். 1952-இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். உங்க மண்டலேயில் பிறந்து பின்னாளில் விபாசனா தியான ஆசிரியரான கோயங்கா ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் அவரிடம்தான் போனார். அந்த முறையில் உணர்வை விரட்டச் சொல்வதில்லை. இதோ படபடப்பு, இதோ வியர்வை, பார்த்துக்கொண்டிரு என்பார்கள். ஒரு நாட்டின் கணக்கையே பார்த்த மனுஷர் உடம்பைக் கவனி என்றது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சின்ன வயசில் அந்த மையத்தைத் தாண்டித் தினமும் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே போகவில்லை.

13 ஜூலை

வேகஸ் என்றதும் வாசகர்கள் சிலர் பாலிவேகல் கொள்கையைக் கொண்டுவந்துவிட்டார்கள், பயத்தில் உடம்பு உறைவதை வேகஸ் நரம்பின் கிளைகளை வைத்து விளக்குகிற கொள்கை அது. ஸ்டீவன் போர்ஜஸ் 1990-களில் சொன்னது. பயத்தில் உறைந்துபோவது உண்மை, நானே உறைந்திருக்கிறேன். அதற்கு அவர் சொல்லும் பரிணாமக் கதையையும் நரம்புக் கதையையும் உடலியங்கியல் ஆட்கள் பலர் ஏற்கவில்லை. இங்கே அது தேவையில்லை.

27 ஜூலை

தீமிதி பற்றி ஒன்று எழுதுகிறேன்.

என் அண்ணன் இறங்கிய வருஷம் எனக்குப் பதினாறு. அவன் மஞ்சள் வேட்டியில் குண்டத்து முனையில் நிற்கிறான். நான் கூட்டத்தில் இருக்கிறேன். எனக்கு நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது, கால் நடுங்கியது. பக்கத்தில் வேடிக்கை பார்க்க வந்த பர்மிய அம்மா நிம்மதியாக விசிறிக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்துப் படித்தேன். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரீக்கே என்கிற கிராமத்தில் தீமிதிக்கிற வழக்கம் இருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஆய்வில், மிதிப்பவரின் இதயத் துடிப்பும் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர், சிநேகிதர் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின, வெளியூர்க்காரருக்கு அப்படி இல்லை. அந்த வரியைப் படித்தபோது அண்ணன் இறந்து ஆறு மாதம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அவனிடம் கேட்டிருந்தேன், பயமா இல்லையா என்று. "நெஞ்சு அடிச்சுது. ஆனா அது ஆத்தா வர்ற அடி"ன்னான். அதே அடிதான், அவன் வைத்த பேர் வேறு. ஹார்வர்டில் அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் இதற்குப் பக்கத்தில் வந்தார். பாட்டு, மேடைப்பேச்சு, கணக்குச் சோதனை மூன்றிலும், அமைதியாக இரு என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். துடிப்பு குறையவில்லை, பேர்தான் மாறியது.

ஆனால் பூகம்பத்துக்கு நல்ல பேர் வைக்கச் சொல்லி ஒரு பிள்ளையிடம் நான் சொல்ல மாட்டேன். பரீட்சைக்குச் சொல்லலாம்.

10 ஆகஸ்ட்

தேர்வுக்கு முன் பத்து நிமிஷம் தன் கவலையை எழுதச் சொன்னால் மதிப்பெண் கூடும் என்று 2011-இல் ராமிரெஸ், பெய்லாக் செய்த ஆய்வை இங்கே ஒருத்தர் பகிர்ந்திருக்கிறார். 2018-இல் பெரிய குழு ஒன்று அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நானும் அதைப் படிக்கும் முன்பே என் வகுப்பில் செய்து பார்த்தேன். மதிப்பெண் மாறியதா என்று சொல்ல முடியாது. ஒரு பையன் தாளில் ஒரே வரி எழுதியிருந்தான்: "சயாமாவின் ஸ்கேல்." டீச்சரம்மாவை இங்கே சயாமா என்பார்கள்.

அப்போது ஸ்கேலை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மேசையில் கோடு போட மட்டும் வைத்திருந்தேன். அவன் அக்காவுக்குத்தான் முன்னே அடி விழுந்திருக்கிறது, அவள் சொல்லித் தம்பி பயந்திருக்கிறான். அடிபடாத பிள்ளையின் நரம்புக்குள்ளும் என் ஸ்கேல் போயிருக்கிறது.

ஜூன் 22-இல் விட்டதை இப்போது முடிக்கிறேன். தூக்கி வைத்த எண்ணை ஓரத்தில் எழுதுவது சோம்பேறித்தனம் இல்லை. நெற்றிப்பகுதிக்கு ஏந்த முடியாததைக் காகிதம் ஏந்துகிறது. பயந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி கணக்கில் கிடையாது. நான் அதை எழுதவிடாமல் தடுத்தேன், தடுத்த கையாலேயே பயத்தையும் கூட்டினேன். பிறகு விடை தப்பு என்று வட்டம் போட்டேன். எத்தனை பிள்ளைகள் தனக்குக் கணக்கு வராது என்று நம்பி வெளியே போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன், எண்ண முடியவில்லை.

தம்பி, அவளை எழுதச் சொல்லுங்க. தூக்கி வைக்கிற எல்லா எண்ணையும், பெரிசா, ஓரத்தில். வீட்டுக்குள் வேண்டாம் என்றால் வாசலில் பாய் போட்டு உட்காரட்டும். ராத்திரி தூக்கமில்லாமல் கெட்ட கனவு இன்னும் வந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் காட்டணும். ஐந்தாவது மாதம் நடக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீங்க.

31 ஆகஸ்ட், மண்டலே தம்பி

அக்கா, டாக்டரைப் பாத்துட்டோம். தூக்கம் இப்போ பரவாயில்ல. ஒரு விஷயம் சொல்லணும். பாப்பா மேசை மேல கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சிருக்கா. யாரும் சொல்லித் தரல. லாரி போச்சுன்னா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியைப் பாக்குறா. தண்ணி லேசா நடுங்கி நின்னுட்டா லாரி. நிக்காம ஆடினா ஓடணுமாம். நேத்து மூணு லாரி போச்சு, ஒரு தடவைகூட எழுந்திருக்கல. ஓரத்துல எழுதி வச்ச எண்ணுலேருந்து மறுபடி தொடங்குறா. பத்துக் கணக்குல எட்டு சரி.

31 ஆகஸ்ட், இரவு

இரண்டு தடவை படித்தேன். நெஞ்சு அடிக்கிறது, அதை அவள் பொய் என்று தள்ளவில்லை. அடித்ததும் தண்ணீரிடம் கேட்கிறாள், தண்ணீர் சொன்னதை வைத்து முடிவெடுக்கிறாள். இந்த இரண்டரை மாதம் நான் இங்கே எழுதியதையெல்லாம்விட அந்த டம்ளர் நல்ல யோசனை. நாளைக்கு என் வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன், அவள் பேரைச் சொல்லாமல். அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்க.

தப்பாப் போன இரண்டு கணக்கையும் படம் பிடித்து அனுப்புங்க. ஓரத்தில் எழுதின எண்ணெல்லாம் தெரிகிற மாதிரி எடுங்க.